‘அப்பீட்டு’ உங்க ஊர்ல எப்படி? கொஞ்சம் உதவுங்க

சென்னைப் பேச்சுவழக்குச் சொற்களைத் தொகுக்கிறோம். ‘கலீஜ்’ (அசுத்தம்), ‘பேஜார்’, ‘நாஸ்டா’ (சிற்றுண்டி) மூன்றும் உருது வழி வந்தவை. ஆனால் சிலதுல பொருள் நகர்ந்திருக்கு. உருதுவில் ‘பேஜார்’ சலித்துப்போன மனநிலை; சென்னையில் ‘பேஜார் பண்ணாத’ன்னா தொல்லை. உருது அகராதிப் பொருளை அப்படியே போட்டால் தப்பாகிடும்.

தடுமாற்றம் ‘அப்பீட்டு’லதான். பம்பரத்தைச் சாட்டையால் சுண்டித் தூக்கிக் கையில் பிடிப்பது அப்பீட்டு. ‘ஆளு அப்பீட்டு’ன்னா நைசா நழுவிட்டான். இந்த இரண்டாவது பொருள் உங்க ஊர்ல உண்டா? பம்பரத்தை அப்படிப் பிடிக்கறதுக்கே வேற சொல்லா?

ஊர், பேசுபவரின் தோராய வயது, பேசின வாக்கியம், மூணும் சேர்த்துச் சொல்லுங்க. வாக்கியத்தைத் தயவுசெய்து திருத்தாதீங்க. ‘கீது’ங்கறதை ‘இருக்கிறது’ன்னு எழுதிட்டா எங்களுக்கு வேண்டிய வழக்கே போயிடும்.