கண்ணிவெடியில் சிதைந்த சிறுநீர்ப்பாதை: அண்ணனுக்கு வழி உண்டா?

கேள்வி (மன்னார்குடி): எல்லையில் கண்ணிவெடியில் இடுப்பெலும்பு நொறுங்கி ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற என் அண்ணன், ஓராண்டாக அடிவயிற்றில் பொருத்திய குழாய் வழியாகவே சிறுநீர் கழிக்கிறார், குறுவை நடவுக்கு வயலில் இறங்கும்போதும் பையை வேட்டிக்குள் மறைத்துக்கொள்கிறார். இனி அவர் இயல்பாகக் கழிக்க முடியுமா?

பதில் 1: பெரும்பாலோருக்கு முடியும், தம்பி. சிறுநீர்த்தாரை (சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியேற்றும் குழாய்) அறுந்திருந்தால், உள்காயம் ஆற மூன்று மாதமாவது பொறுத்து, தழும்பை நீக்கி இரு முனைகளையும் இணைத்துத் தைப்பார்கள். முன்பகுதியில் நீண்ட அடைப்பென்றால் கன்னத்தின் உட்சவ்வை எடுத்து ஒட்டுவார்கள். அதற்கு முன் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது அவசியம்.

பதில் 2: சிறுநீர்ப்பை சுருங்கியிருந்தால் சிறுகுடலின் ஒரு துண்டை இணைத்து விரிவாக்கலாம். ஆனால் அதன்பின் பலர் தாமே குழாய் செலுத்திக் காலிசெய்ய நேரிடும் என்பதால், முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தாம்பத்திய உறவைப் பற்றியும் அண்ணன் கூச்சப்படாமல் கேட்கட்டும்; அந்த நரம்புகளும் அதே இடத்தில்தான் காயப்படுகின்றன.

பதில் 3: 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் அண்ணனுக்கு அட்டை இருந்தால், அதன் பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்லுங்கள்.