28 அடி ஆர்.வி.யில் டீட்டன், யெல்லோஸ்டோன்: ஜூன், 6 பேர், 9 இரவு. இந்த வழி சரிவருமா?

கரிசல்மண் (கேள்வி):
அமெரிக்காவின் டீட்டன், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காக்களைப் பார்க்க, ஜூன் 3ஆவது வாரம் சால்ட் லேக் சிட்டியில் 28 அடி கிளாஸ் சி ஆர்.வி. (வேன் அடித்தளத்தில் கட்டிய, படுக்கை, சமையலறை உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுக்கிறோம். பெரியவர்கள் 4 பேர், அதில் இருவர் 65 தாண்டியவர்கள். பிள்ளைகளுக்கு 4 வயது, 9 வயது. மேப் காட்டும் வழி: ஐடஹோ ஃபால்ஸ், விக்டர், டீட்டன் கணவாய், ஜாக்சன். பிறகு யெல்லோஸ்டோன், பேர்டூத் சாலை, கடைசி 2 நாள் கிளேசியர் பார்க்கில் கோயிங் டு த சன் சாலை. ஓட்டத் தெரிந்தவர்கள் 2 பேர். இருவருக்குமே இத்தனை நீள வண்டி புதிது. இந்த மலைச் சாலைகளில் 28 அடி வண்டி போகுமா? ஓநாய், கரடி பார்க்க எங்கே, எத்தனை மணிக்குப் போக வேண்டும்? சோறு, பருப்பு வண்டியிலேயே சமைக்க வேண்டும், அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

மலைப்பாதை:
கிளேசியரை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கோயிங் டு த சன் சாலையில் அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. பம்பரையும் சேர்த்துத்தான் 21 அடி. அகலம் கண்ணாடிகளோடு 8 அடிக்குள் இருக்க வேண்டும். அதோடு, லோகன் கணவாயில் பனி அகற்றி முழுச் சாலையும் திறக்க ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும். 3ஆவது வாரத்தை நம்பி அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

டீட்டன் கணவாயும் வேண்டாம். 8,431 அடி உயரம், 10 சதவீதச் சரிவு. புதிதாக ஓட்டுபவர், நிறைந்த தண்ணீர்த் தொட்டி, 6 பேர் சாமான் எல்லாம் சேர்ந்து அந்த இறக்கத்தில் இறங்கக் கூடாது. மேப் அதைக் காட்டுவது தூரம் குறைவு என்பதால்தான். சரிவு அதன் கணக்கில் வராது. ஸ்வான் வேலியில் விக்டர் பக்கம் திரும்பாமல் யு.எஸ். 26இலேயே ஆல்பைன் போய், ஸ்நேக் ஆற்றை ஒட்டி ஹோபேக் சந்திப்பு வழியாக ஜாக்சன் சேருங்கள். ஆற்றங்கரைச் சாலை, ஏற்ற இறக்கம் மிதமானது.

9 இரவையும் மூன்றாகப் பிரியுங்கள்: டீட்டனில் கோல்டர் பே முகாம் 3, யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம் 3, யெல்லோஸ்டோன் வட வாசலுக்கு வெளியே கார்டினர் ஊர் 3. முதல் இரண்டிலும் தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் மூன்றும் உண்டு. யெல்லோஸ்டோனுக்குள் மூன்றும் கிடைக்கும் ஒரே முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ்தான். கிரிஸ்லி கரடி நடமாடும் இடம் என்பதால் அங்கே கூடாரத்துக்கும் துணிச்சுவர் வண்டிக்கும் இடமில்லை. இப்போதே முன்பதிவு பாருங்கள்.

என் முக்கியமான யோசனை இது: சால்ட் லேக்கிலேயே 6 பேரும் உட்காரக்கூடிய ஒரு காரும் வாடகைக்கு எடுங்கள். இரண்டாவது ஓட்டுநர் அதை ஓட்டி வரட்டும். ஆர்.வி.யை வீடாக வைத்துக்கொண்டு மலைச் சாலைகளுக்குக் காரில் போங்கள். யெல்லோஸ்டோனில் மிட்வே கெய்சர் போன்ற வெந்நீர் ஊற்று இடங்களில் காலை 9 மணிக்குப் பிறகு 28 அடி வண்டியை நிறுத்துவது பெரும்பாடு. டீட்டனில் சிக்னல் மலை உச்சிச் சாலையிலும் மூஸ் வில்சன் சாலையிலும் ஆர்.வி.க்கு அனுமதியே இல்லை.

கரிசல்மண்:
காரை ஆர்.வி. பின்னால் கட்டி இழுத்துவர முடியாதா? வாடகை இரட்டிப்பாகிறதே.

மலைப்பாதை:
வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இழுவையை அனுமதிப்பதில்லை. இன்னொன்று, 4 வயதுப் பிள்ளையின் கார் சீட். கிளாஸ் சி வண்டியின் பக்கவாட்டு சோபாவில் அதைக் கட்டக் கூடாது. முன்னோக்கிய இருக்கை வேண்டும். சாப்பாட்டு மேசை இருக்கையில் இடுப்புப் பெல்ட் இருந்தாலும் மேல்வார் கட்டக் கொக்கி இருக்கிறதா என்று எடுக்கும் முன்பே கேளுங்கள். கார் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இரண்டாங்கியர்:
ஓட்டுவது பற்றி. யெல்லோஸ்டோனுக்குள் கேன்யன் பகுதியிலிருந்து டவர் பகுதிக்கு இறங்கும் டன்ரேவன் கணவாய் 8,850 அடிக்கு மேல். மாமத்திலிருந்து கார்டினர் இறங்கும் பழைய சாலை 2022 ஜூன் வெள்ளத்தில் போய்விட்டது. இப்போதுள்ள மாற்றுச் சாலை செங்குத்தும் வளைவும் அதிகம். இரண்டிலும் பழக்கம் ஒன்றுதான். இறக்கம் தொடங்கும் முன்பே டோ ஹால் பொத்தானை (இறக்கத்தில் என்ஜினே வேகத்தைத் தடுக்க உதவும் கியர் முறை) அழுத்தி, கியரை 3க்கோ 2க்கோ இறக்குங்கள். என்ஜின் 4,000 சுற்றில் கத்தும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை பயமில்லை. வேகம் கூடினால் ஒருமுறை அழுத்தமாகப் பிரேக் பிடித்து 5 முதல் 10 மைல் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். மெல்ல அழுத்தியபடியே இறங்கினால் பிரேக் ஆறவே வழியில்லை. பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சு போல் இறங்கும். கருகல் வாசனை வந்தால் ஒதுங்கி அரை மணி நேரம் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அடுத்தது வால் வீச்சு. பின் அச்சுக்குப் பின்னால் 9 அடி நீட்டிக்கொண்டிருந்தால், முழுத் திருப்பத்தில் பின்மூலை கிட்டத்தட்ட 3 அடி வெளிப்பக்கம் போகும். பெட்ரோல் நிலையத் தூண்களில் இடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். பம்பை விட்டு வரும்போது நேராக ஒரு வண்டி நீளம் போன பிறகே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வண்டி எடுத்த அன்றே காலி வாகன நிறுத்தத்தில் 20 நிமிடம் இதைப் பழகுங்கள்.

எரிபொருளைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள். காலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கிடைக்கும். கால் தொட்டிக்குக் கீழே போனால் ஜெனரேட்டரும் நின்றுவிடும், அதன் உறிகுழாயை அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

ஈயச்சொம்பு:
சமையலுக்கு வருகிறேன். யெல்லோஸ்டோன் ஏரி 7,700 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கர் கட்டாயம் எடுத்துப் போங்கள். பருப்பை 1 மணி நேரம் ஊறவைத்து, வீட்டில் வைப்பதைவிட 2 விசில் கூடுதலாக விடுங்கள். இட்லிக்கும் நேரம் கூடும்.

முகாமில் 30 ஆம்ப் மின் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். இண்டக்ஷன் அடுப்பு 1,800, மைக்ரோவேவ் 1,500, அதோடு வாட்டர் ஹீட்டரும் மின்சாரத்தில் ஓடினால் பிரேக்கர் விழும். கேஸ் அடுப்பில் சமைப்பதே நல்லது. அப்போது கூரை விசிறியை ஓடவிட்டு ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை முதல் நாளே சோதியுங்கள். சமைத்து முடித்ததும் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். குக்கர், எண்ணெய்ச் சட்டி, குப்பைப் பை, ஐஸ் பெட்டி எதையும் வெளி மேசையில் விட்டு நகரக் கூடாது. அரிசி கழுவிய நீரையும் தரையில் ஊற்றாதீர்கள், வாசனைக்குக் கரடி வரும்.

குளியலுக்கு முகாமின் குளியலறைக்குப் போங்கள். நிமிடத்துக்கு 2 காலன் என்றால், 3 நிமிடக் குளியலுக்கே 6 பேருக்கு 36 காலன். குளித்த, பாத்திரம் கழுவிய நீர் சேரும் அழுக்குநீர்த் தொட்டி ஒரே நாளில் நிரம்பிவிடும். கழிவுக் குழாய் மாட்டியிருந்தாலும் மலத் தொட்டியின் வால்வை மூடியே வையுங்கள். திறந்திருந்தால் நீர் மட்டும் ஓடிவிட, மீதி இறுகிக் குவியும். முக்கால் நிரம்பியபின் அதை முதலில் திறந்து, பிறகு அழுக்குநீரைத் திறந்தால் குழாயும் கழுவப்படும்.

ஓநாய்த்தடம்:
விலங்கு பார்க்கக் கார்டினரில் 3 இரவு என்றது மிகச் சரி. லமார் பள்ளத்தாக்குக்கு அங்கிருந்து சுமார் 1 மணி நேரம். ஜூனில் 5.40 வாக்கில் விடியும், 4.45க்குக் காரில் கிளம்புங்கள். 8 மணிக்கு மேல் வெயில் ஏறினால் ஓநாய்கள் படுத்துவிடும். 1995, 1996ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஓநாய்களின் வழித்தோன்றல்கள் இவை. பெரும்பாலும் அரை மைல், 1 மைல் தொலைவில்தான் தெரியும். 8x42 பைனாகுலர் தேடுவதற்கு. பார்ப்பதற்கு முக்காலியோடு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) வேண்டும். கார்டினரில் வாடகைக்குத் தேடிப் பாருங்கள்.

ஃபிஷிங் பிரிட்ஜில் இருக்கும்போது மாலையில் ஹேடன் பள்ளத்தாக்கு: காட்டெருமைக் கூட்டம், செம்பழுப்புக் கன்றுகள். கோல்டர் பேயிலிருந்து ஆக்ஸ்போ பெண்ட், வில்லோ ஃப்ளாட்ஸ்: மூஸ், எல்க் என்ற பெரிய மான்களுக்கு.

கரடிக்கும் ஓநாய்க்கும் மலைச்சிங்கத்துக்கும் 100 கெஜம், மற்ற எல்லாவற்றுக்கும் 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும், இது சட்டம். பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் கட்டைவிரலால் விலங்கை மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறையவில்லை என்றால் அருகில் இருக்கிறோம். ஜூனில் மாமத் கட்டடங்களுக்கு இடையிலேயே கன்று ஈன்ற எல்க் தாய்கள் பாய்ந்து விரட்டும். மூலை திரும்பும்போது பிள்ளைகளைக் கைப்பிடியில் வைத்திருங்கள். காட்டெருமை சாலையை மறித்தால் கதவைத் திறக்காமல், ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். கரடி ஸ்ப்ரேயை (பாய்ந்து வரும் கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான்) விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுவர முடியாது, இங்கே வந்து வாங்குங்கள்.

பேர்டூத்துக்குக் கார்டினரிலிருந்தே காரில் ஒரு நாள் போய்வரலாம். உச்சி 10,947 அடி. பெரியவர்களுக்கு இதய, மூச்சுத் தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். ஜூனிலும் அங்கே பனி பெய்து சாலையை மூடுவது உண்டு. காலையில் நிலவரம் பார்த்துவிட்டு, குக் சிட்டி தாண்டும் முன் எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள்.