ஒரே ஆண்டு, இரண்டு மதிப்பீடு: ஆன்லைன் சில்லறைச் சந்தையை எப்படி அளப்பது?

அளவுகோல்:
ஆன்லைன் சில்லறை வணிகத்தின் அளவு, வளர்ச்சி பற்றி ஓர் அறிக்கை தயாரிக்கிறேன். நாடும் ஆண்டும் ஒன்றுதான், ஆனால் ஓர் ஆய்வு நிறுவனம் சொல்லும் தொகை இன்னொன்று சொல்வதைவிட ஒன்றரை மடங்கு. எதை எடுப்பது? அப்புறம், 4 ஆண்டில் சந்தை 100-லிருந்து 180 ஆனால் ஆண்டுக்கு 20% வளர்ச்சி என்று எழுதலாமா?

தராசுமுள்:
இரண்டுமே சரியாக இருக்கலாம், எதை அளந்தார்கள் என்பதுதான் வேறு. அடிக்குறிப்பைப் பாருங்க. ஒன்று ஜிஎம்வி, அதாவது போட்ட ஆர்டர்களின் மொத்த மதிப்பு. மற்றது நிகர விற்பனையாக இருக்கும். ஜிஎம்வி 1000 என்று வைத்துக்கொள்வோம். 8% ஆர்டர் ரத்து, மிச்சம் 920. டெலிவரி ஆனதில் 15% ரிட்டர்ன், 782. விலைக்குள் அடங்கிய 12% வரியை எடுக்க 1.12-ஆல் வகுத்தால் சுமார் 698. உங்கள் ஒன்றரை மடங்கு கிட்டத்தட்ட இங்கேயே வந்துவிட்டது.

அடுத்து, எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்க. அமெரிக்க சென்சஸ் பீரோவின் காலாண்டுக் கணக்கில் பயண முன்பதிவும் டிக்கெட் விற்பனையும் கிடையாது.

நிறுவனங்களின் வருவாயைக் கூட்டிச் சந்தை அளவு என்று எழுதிவிடாதீங்க. தளமே வாங்கி விற்றால் முழு விலையும் வருவாய். வெளி விற்பனையாளர் விற்றால் கமிஷனும் கட்டணங்களும் மட்டுமே. அமேசானில் 2018-இல் விற்ற பொருள்களின் மதிப்பில் 58% வெளி விற்பனையாளர்களுடையது. வருவாயை மட்டும் பார்த்தால் அதில் பெரும்பகுதி விடுபட்டுப்போகும்.

எண்சுவடி:
20% தவறு. 80-ஐ 4-ஆல் வகுக்கக் கூடாது, ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியும் முந்தைய ஆண்டின் தொகைமேல் கூட்டு வட்டிபோல ஏறுகிறது. 1.8-இன் நான்காம் படிமூலம் 1.158, ஆக 15.8%. தொடக்க ஆண்டையும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பிரிட்டனில் மொத்த சில்லறை விற்பனையில் ஆன்லைனின் பங்கு 2019-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. 2021 ஜனவரியில் மூன்றில் ஒன்றைத் தாண்டி, பிறகு கால் பங்கை ஒட்டி இறங்கியது. அந்த உச்சத்திலிருந்து கணக்கிட்டால் ஆன்லைன் வணிகமே தேய்வதுபோலத் தெரியும்.

விலை உயர்வையும் பிரித்துவிடுங்கள். விற்பனை 12%, விலை 5% ஏறியிருந்தால் உண்மை வளர்ச்சி 1.12 ÷ 1.05, அதாவது 6.7%.

அளவுகோல்:
நன்றி. கார்டு பரிவர்த்தனைத் தரவு கிடைக்கிறது. அதை வைத்துக் காலாண்டு வளர்ச்சி சொல்லலாமா?

தராசுமுள்:
சொல்லலாம், ஆனால் போன ஆண்டின் அதே காலாண்டோடுதான் ஒப்பிடணும். இல்லாவிட்டால் பண்டிகைக் கால விற்பனை கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டு காலத்திலும் இருக்கிற அதே கார்டுகளை மட்டும் எடுங்க. புதிதாகச் சேர்ந்த கார்டுகளையும் கணக்கில் சேர்த்தால் தரவு பெருத்ததே சந்தை வளர்ந்ததாகத் தெரியும். பொருள் கையில் வந்தபின் பணம் கொடுப்பவர்கள் இதில் வரமாட்டார்கள். அவர்கள் கார்டுக்கு மாறும்போது விற்பனை கூடாமலே வரைபடம் ஏறும். அதனால் அரசுக் காலாண்டுத் தொடரோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத் தனியாக வரைந்து பாருங்க. அது நிலையாக இல்லாமல் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் அந்தத் தரவை வளர்ச்சிக்குப் பயன்படுத்த வேண்டாம்.