கதிர்வீச்சால் புண்ணாகும் தோலுக்கு ஒளிச் சிகிச்சை பயன் தருமா?

கேள்வி:
மார்பகப் புற்றுநோய்க்காக என் தாயார் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று வருகிறார். மூன்றாம் வாரத்திலேயே அக்குள் மடிப்பில் தோல் சிவந்து எரிகிறது. சிவப்பொளி காட்டினால் புண்ணாகாமல் தடுக்கலாம் என்கிறார்களே, அதற்கு ஆதாரம் உண்டா? இணையத்தில் விற்கும் விளக்கை வாங்கலாமா?

மறுமொழி 1:
ஆதாரம் உண்டு. பெல்ஜியத்தில் மார்பகப் புற்றுநோயாளிகள் 120 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், தோல் உரிந்து நீர் கசிவது போன்ற இரண்டாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்பு, போலிச் சிகிச்சை (ஒப்பீட்டுக்காக ஒளி தராமல், தருவது போலச் செய்வது) பெற்றவர்களில் 30 விழுக்காட்டினருக்கும், வாரம் இருமுறை லேசர் ஒளி பெற்றவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. அங்கே பயன்பட்டவை 808, 905 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர்கள். அவை கண்ணுக்கே தெரியாதவை என்பதால், ‘சிவப்பொளி’ என்ற பெயரே சற்றுப் பிசகானது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு நொதி இவ்வொளியை உறிஞ்சுவதால் ஆற்றல் உற்பத்தி கூடி, அழற்சி தணிகிறது என்பதே பரவலான விளக்கம்.

மறுமொழி 2:
விளக்கை வாங்க வேண்டாம். அலைநீளம், அளவு, நேரம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கொடுப்பதே சிகிச்சை. புற்றுநோய் இருந்த இடத்தில் நாமாகச் சோதித்துப் பார்ப்பது முறையன்று. இவ்வசதி இல்லாத மருத்துவமனைகளே மிகுதி என்பதால், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான மொமெட்டசோன் களிம்பைப் பற்றி உங்கள் கதிரியக்கப் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். 2023-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் தடுப்புக்காக ஒளிச் சிகிச்சையுடன் அதையும் பரிந்துரைத்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாளையே மருத்துவரிடம் கேட்கிறேன்.