கடற்கரையில் நடந்து, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்: உங்களுடையது எது?

அடையாறுவாசி
எலியட்ஸ் பீச், போன மார்கழி. ஷ்மிட் நினைவு வளைவுக்குக் கொஞ்சம் தள்ளி, கல்லூரிப் பையன்கள் ஏழெட்டுப் பேர் இடுப்பளவுத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான காட்சிதான். அதில் ஒருவன் மட்டும் பின்னால் போக ஆரம்பித்தான். அலை அடித்து விழவில்லை, கத்தவும் இல்லை. முகம் கரையைப் பார்த்தபடி இருக்கிறது, ஆள் தூரமாகிக்கொண்டே போகிறான். இரண்டு கையாலும் அடித்து நீந்துகிறான், ஓர் அடிகூட முன்னால் வர முடியவில்லை.

குப்பத்து அண்ணன் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பையன் இறங்கிய அதே இடத்தில் இறங்கி, அந்த இழுப்போடேயே போய் அவனைப் பிடித்தார். திரும்பும்போது அந்த வழியாக வரவில்லை. தெற்கே நெடுக ஒதுங்கி, அலை உடையும் இடமாகப் பார்த்துக் கரையேற்றினார். பையன் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சொன்னது: "அண்ணா, அலையே இல்லாத இடமா பாத்துத்தான் நின்னேன்."

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவே இல்லை.

மந்தைவெளி மகள்
மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே போட்ட மரப்பாதை தெரியும்தானே? 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் உடைந்து, அப்புறம் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகுதான் அம்மாவைக் கூட்டிப் போனேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மா கடலை ரோட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். மணலில் சக்கர நாற்காலி நாலடி போவதற்குள் புதைந்துவிடும்.

பாதையின் கடைசியில், கடல் பக்கத்துக் கைப்பிடியை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "நீங்க எடுங்க கண்ணு, நான் இருக்கேன்" என்றாள். அவர்களும் "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு எடுத்தார்கள், எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அம்மா அவர்கள் முதுகுகளுக்கு இடையே தெரிந்த கொஞ்சம் தண்ணீரை, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவல்லிக்கேணி
மகளே, வருத்தம் புரிகிறது. ஆனால் "எடுங்க" என்று அம்மாதானே சொன்னார்? பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லாரும் அந்தப் பாதையில் வருகிறார்கள்.

மந்தைவெளி மகள்
வரட்டும், யார் வேண்டாம் என்றது? நடக்க முடிகிறவருக்கு இந்தப் பரந்த மணல் முழுக்க இருக்கிறது. அம்மாவுக்கு அந்தக் கைப்பிடி ஓர் இடம்தான். அவள் பெருந்தன்மையாகப் பேசினாள் என்பதற்காக அவளுடைய இடம் அவர்களுடையதாகிவிடாது.

கோவளம் அலை
நானும் கோவளத்தில் அலைச்சறுக்கு பழகும்போது ஒருமுறை இழுபட்டிருக்கிறேன். பலகை இருந்ததால் பிழைத்தேன், அவ்வளவுதான் என் கதை. அடையாறுவாசி சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் பார்த்தது உண்மைதான், அங்கே அலை இருந்திருக்காது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்ப வேண்டும். கடலடி மணல்திட்டில் பள்ளம் இருக்கும் இடமாகப் பார்த்து, அது ஆறு மாதிரி ஓடும். ஆழம் அதிகம் என்பதால் அலை அங்கே உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் கருத்த, சாதுவான பட்டை. குழந்தைகளை நாம் சரியாக அங்கேதான் இறக்கிவிடுகிறோம்.

இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கரையை நோக்கி நீந்தினால் நல்ல நீச்சல்காரனும் சோர்ந்துபோவான், பெரும்பாலும் உயிர் போவது அந்தச் சோர்வில்தான். மல்லாந்து மிதங்கள், கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் இடத்துக்கு வந்து அலையோடு திரும்புங்கள். குப்பத்து அண்ணன் செய்தது இதேதான். கரையில் இருப்பவர்களே, தயவுசெய்து வெறுங்கையோடு பின்னால் குதிக்காதீர்கள். கேன், கயிறு, பந்து, மிதக்கிற எதையாவது வீசுங்கள். அந்த ஷ்மிட் வளைவே, 1930-ல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியதுதான். அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

திருவல்லிக்கேணி
நீந்தத் தெரிந்தவருக்குச் சொல்கிறீர்கள். தெரியாதவன் மல்லாந்து மிதப்பானா? முழங்காலுக்கு மேல் இறங்காதே என்பது ஒன்றுதான் என் அறிவுரை.

கோவளம் அலை
அதை மறுக்கவில்லை. முதலில் அதுதான்.

நீலாங்கரை இரவு
என்னுடையது வேறு மாதிரி. கடலாமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்க மாணவர்கள் நடத்தும் 'ஆமை நடை'யில் நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கிப் போனோம். 1988-லிருந்து அவர்கள் இதைச் செய்கிறார்கள். வழியில் பங்குனி ஆமை என்று சொல்கிற கடலாமை ஒன்று முட்டையிட்டு முடித்து, குழியை மணலால் மூடி, உடம்பை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து அடித்து இறுக்கிக்கொண்டிருந்தது. தொம், தொம் என்று அந்த அதிர்வு என் பாதத்தில் ஏறியது. அந்த நேரத்தில் நடையில் சேராத யாரோ ஒருவர் வந்து முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்தார். ஆமை அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

தை முதல் பங்குனி வரை இரவில் அந்தப் பக்கம் போகிறவர்கள் போன் விளக்கை அணைத்துவிடுங்கள். கடலோர வீட்டுக்காரர்கள் கடலைப் பார்த்த மாடி விளக்கையும். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் ஓடும். கடலை விட ரோடு வெளிச்சமாக இருந்தால் ரோட்டுக்கு வரும்.