உறுமியும் கிட்டாரும்: மிக்ஸிங் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து வீட்டிலேயே பதிவு செய்த என் முதல் ஆல்பம், எல்லாமே தமிழில் பங்க், ஹார்ட் ராக், கிட்டத்தட்ட தயார்.

சிக்கல் ஒரே பாட்டின் மிக்ஸிங்கில்தான், அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை ஒன்றாகக் கலப்பதில். எங்கள் கோயில் திருவிழாவில் வாசிக்கும் தம்பிகள் உறுமி வாசித்துக் கொடுத்தார்கள். தனியாகக் கேட்டால் அந்த இழுவை நெஞ்சில் இறங்குகிறது. இடமும் வலமும் டிஸ்டார்ஷன் (கரகரப்பு ஏற்றிய) கிட்டார் சேர்ந்ததும் காணாமல் போய்விடுகிறது. கிட்டாரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டினால் உறுமி தெரிகிறது, ஆனால் கிட்டார் மெலிந்துவிடுகிறது. பங்க் பாட்டுக்கு அது ஆகாது. உறுமியையும் விட மாட்டேன்.

ஈப்போ, கோலகங்சார் பக்கம் மிக்ஸிங் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது கேட்டுச் சொல்ல முடியுமா? டிராக்குகளைத் தனித்தனியாக அனுப்புகிறேன். நேரில் வரவும் தயார். கட்டணம் உண்டென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.