ஓமன் பாலைவனத்தில் கிடைத்த கல், எந்த வகை விண்கல்?

மேலூர்க்காரன்:
என் மச்சான் ஓமனில் வேலை பார்க்கிறார். அங்கே பாலைவனத்தில் 340 கிராமில் கறுப்புக் கல் ஒன்று கிடைத்திருக்கிறது, காந்தம் லேசாக இழுக்கிறதாம், உடைந்த முனையில் சின்ன உருண்டைகளும் மினுங்கும் உலோகப் பொட்டுகளும் தெரிகின்றன. கிரானைட் குவாரியில் பதினைந்து வருஷம் இருந்தவன் நான், இப்படி ஒரு கல்லைப் பார்த்ததே இல்லை. விண்கல்லாக இருந்தால், இரும்பு அதிகமுள்ள எச் வகையா, குறைவாக உள்ள எல் வகையா?

கல்தேடி:
அந்த உருண்டைகள் காண்ட்ரூல், அதாவது விண்வெளியில் உருகி உறைந்த சின்னத் துளிகள் என்றால், அது காண்ட்ரைட் என்ற விண்கல் வகை, அண்ணே. ஆனால் போட்டோவை வைத்து எச், எல், இன்னும் இரும்பு உலோகம் குறைந்த எல்எல் என்று பிரிக்க முடியாது. மெல்லிய சீவல் எடுத்து, ஒலிவின் கனிமத்தில் ஃபயலைட் (அதன் இரும்புக் கூறு) எத்தனை சதவீதம் என்று மைக்ரோபுரோப் என்ற ஆய்வகக் கருவியில் அளக்க வேண்டும். சுமார் 16 முதல் 20 வரை என்றால் எச், 22 முதல் 26 என்றால் எல், அதற்கு மேல் எல்எல். அப்புறம் கல் எவ்வளவு சூடுபட்டது என்பதைக் காட்ட 3 முதல் 6 வரை ஒரு எண் வரும். 3 என்றால் உருண்டைகள் பளிச்சென்று இருக்கும், 6 என்றால் வெப்பத்தில் மங்கிச் சுற்றியுள்ள கல்லோடு கலந்திருக்கும். எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பதற்கும் தனி அளவு உண்டு.

வைகைக்கரை:
முதலில் காந்தத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அது கல்லில் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடயத்தை அழித்துவிடும்! அனுமதி இல்லாமல் ஓமனை விட்டு வெளியே கொண்டுவரவும் கூடாது. கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு ரொம்ப முக்கியம். முறையாக வகைப்படுத்தினால் 20 கிராமை ஆய்வு நிறுவனத்துக்கு மாதிரியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மேலூர்க்காரன்:
சரிங்க, இப்பவே மச்சானுக்குப் போன் போடுகிறேன். காந்தத்தை ஒட்டியே வைத்திருக்கிறார்.